வறண்ட ஊரு... வாசனை சூப்பு!

புதுக்கோட்டைன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வாடிவாசல், திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் ஓவியம்..? யூ-டியூப் பார்ட்டியா இருந்தா, சின்ன வீரமங்கலத்துத் தாத்தா அண்டா நிறைய பிரியாணி கிண்டுறது கண்ணு முன்னாடி வந்து நிக்கும். 2018-ல ஆரம்பிச்ச 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல ஒரு கோடி சப்ஸ்க்ரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல். 2022-ல 'விக்ரம்' படத்துலயும் தலையைக் காட்டிட்டாங்க. எங்க மாவட்டத்துக்காரன் எவனைக் கேட்டாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுத்தான் இதைச் சொல்வான்!

ஆனா பாஸ், அண்டா என்பது விசேஷ நாள் புதுக்கோட்டை. நான் உங்களைக் கூட்டிட்டுப் போறது, வீட்ல ஒண்ணுமே இல்லாத நாள் புதுக்கோட்டைக்கு. அங்கே அடுப்பில் இருப்பது ஒரு சின்ன மண்சட்டி. உள்ளே கொள்ளும் உப்புக்கண்டமும் கொதிச்சுக்கிட்டு இருக்கும். எங்க வீட்ல அதுக்குப் பேரு 'கண்டச் சாறு'. நீங்க ஸ்டைலா சூப்னு சொல்லிக்கோங்க!

அமெரிக்காவில் ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன்

இந்தச் சாறுக்கு அமெரிக்காவில் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். 'ஹாம் அண்ட் பீன் சூப்'. பன்றித் தொடைக்கறியை உப்பில் ஊறவெச்சு, புகை போட்டுப் பதப்படுத்தினா அது ஹாம். அதோட எலும்பையும் காய்ந்த வெள்ளை பீன்ஸையும் ஒண்ணா போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைப்பார்கள். அந்நாட்டு செனட் சபை உணவகத்தில் இந்த வகை பீன் சூப் நூறு வருஷத்துக்கும் மேலா மெனுவில் இருக்கு. அந்த பீன்ஸுக்கு 'நேவி பீன்ஸ்'னு பேர் வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்கக் கடற்படைக்காரங்களோட அன்றாடச் சாப்பாடு அதுதான். கப்பலில் மாசக்கணக்கில் கெடாமல் இருக்கணுமே!

கவனிச்சீங்களா? உப்புப் போட்ட கறி, காயவெச்ச பயறு, ஒரு சட்டித் தண்ணீர். அவங்களுக்குக் கடல். நமக்கு வானம் பார்த்த பூமி. பிரச்னை ஒண்ணுதான்... நல்ல நாள்ல கிடைச்சதைக் கெட்ட நாள் வரைக்கும் எப்படிக் கொண்டுபோறது?

காயவைக்கத் தெரிஞ்ச ஊரு

எங்க மாவட்டத்தில் வருஷம் முழுக்கத் தண்ணி ஓடுற ஆறு கிடையாது. வெள்ளாறு இருக்கு. பேர்தான் ஆறு, பல மாசம் வெறும் மணல். மன்னர் காலத்திலிருந்தே கண்மாயும் குளமும்தான் கதி. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் வெட்டி வெச்சிருக்காங்க. ஐப்பசி, கார்த்திகையில் வானம் ஏமாத்திட்டா, அந்த வருஷம் அம்புட்டுதான்.

அதனால இங்கே எல்லாருக்கும் காயவைக்கத் தெரியும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் மீன் காயும். வீட்டு மாடியில் கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் காயும். உள்ளூர்ப் பக்கம் கறியே காயும். அந்தக் கறிதான் உப்புக்கண்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில் புதுக்கோட்டை சந்தைப்பேட்டைக்கு வந்து பாருங்க. ஆட்டுச் சந்தை களைகட்டும். பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறவர், இடுப்பைத் தடவி எடை சொல்றவர், துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறவர்னு ஒரே ரகளை. அங்கே ஒரு சுத்து சுத்திட்டு, பஸ் பிடிச்சு ஆலங்குடி பக்கம் எங்க அப்பத்தா ஊருக்கு வாங்க.

சாமிக்குக் கிடா வெட்டினா, கூறு போட்டு, ஆக்கிச் சாப்பிட்டு, சொந்தத்துக்கும் கொடுத்தது போக மிச்சம் இருக்குமே... அதில்தான் கண்டம் போடுவாங்க. எலும்பை எடுத்துட்டு, கறியை விரல் கனத்துக்கு நீளநீளமா கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைச்சுப் பிரட்டி ஒரு ராத்திரி ஊறவைக்கணும். காலையில் நூலில் கோத்து, கொடி கட்டித் தொங்கவிடணும். பங்குனி, சித்திரை வெயிலில் நாலைந்து நாள். காக்காய் விரட்ட ஒரு ஆள் வேணும். லீவுக்குப் போற பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் உத்தியோகம்! கடைசியில் சுள்ளி மாதிரி ஆனதும் ஜாடியில் போட்டு வாயைக் கட்டிடுவாங்க.

இதுக்குள்ள இருக்கிற சயின்ஸ் நம்ம ஸ்கூல் பாடம்தான். உப்பு, கறிக்குள் இருக்கும் தண்ணியை வெளியே இழுக்கும். வெயில் அதை ஆவியாக்கும். மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உப்பு விடாமல் பிடிச்சு வெச்சுக்கும். பாக்டீரியாவுக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது. ஹாமுக்கும் இதே ஃபார்முலாதான்.

கரன்ட் இல்லாத நாட்கள்

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, விடியறதுக்குள்ள எங்க மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுட்டுப் போயிருச்சு. தென்னை, பலா, தேக்குன்னு எல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்துச்சு. மின்கம்பங்களும்தான். எங்க ஊர்ல வாரக்கணக்கில் கரன்ட் கிடையாது. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடிச்சு வந்து, மோட்டார் போட்டு, குடத்தோட வரிசையில் நின்னோம். நான் அப்போ எட்டாம் வகுப்பு.

வீட்டு ஃப்ரிட்ஜ் ரெண்டே நாளில் வெறும் அலமாரி ஆகிடுச்சு. ரோட்டில் மரம் கிடந்ததால் காய்கறி வண்டியும் வரலை. அப்பத்தாதான் பரண்மேல் இருந்து ஜாடியை இறக்கச் சொன்னாங்க. "கண்டம் கெடக்கு, கொள்ளு கெடக்கு, வெறகுக்கு ஊரே சாஞ்சு கெடக்கு. அப்புறம் என்னடா அப்பு?"

அன்னிக்கு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேர்த்துப் பதினோரு பேர் குடிச்சோம். கறி ஆளுக்கு ரெண்டு துண்டுதான் வந்திருக்கும். ஆனா சட்டி முழுக்கக் கறி வாசனை! கொஞ்சம் கறியை வெச்சு நிறைய வயித்தை நிரப்புறதுதான் இந்தச் சாறோட வேலைன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

வாங்க, அடுப்பைப் பத்தவைப்போம்!

நாலு பேருக்கு அளவு சொல்றேன். கொள்ளு ஒரு டம்ளர், உப்புக்கண்டம் 100 கிராம், சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், தக்காளி 2, மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, நல்லெண்ணெய்.

கொள்ளில் கல் பார்த்து, வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுங்க. கண்டத்தை வெந்நீரில் ரெண்டு தடவை கழுவி, அரை மணி நேரம் ஊறவெச்சு, அம்மியில் லேசா நசுக்கிக்கோங்க. பூஞ்சை பிடிச்சிருந்தாலோ கெட்ட வாடை அடிச்சாலோ யோசிக்காம தூக்கிப் போட்டுருங்க.

ரெண்டையும் குக்கரில் போட்டு, ஆறு டம்ளர் தண்ணி, மஞ்சள்தூள் சேர்த்து ஏழெட்டு விசில் விடுங்க. விறகடுப்புன்னா ரெண்டு மணி நேரம் ஆகும். வெந்த கொள்ளில் பாதியை எடுத்து மசிச்சு திரும்பக் கலந்தா சாறு கெட்டியாகும். நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு வதக்கி, தட்டின மிளகு சீரகம் போட்டு, கடைசியாகத் தக்காளி. தக்காளியை முதலிலேயே குக்கரில் போட்டுடாதீங்க. புளிப்பு சேர்ந்தா கொள்ளு வேக அடம்பிடிக்கும். எல்லாத்தையும் ஒண்ணாக்கிப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்க. உப்பு? ருசி பார்த்துட்டு வேணும்னா மட்டும். கண்டமே போதுமான உப்பு கொண்டுவந்திருக்கும்.

கறி சாப்பிடாதவங்க கோச்சுக்காதீங்க. சமணத் துறவிகள் கல் படுக்கையில் தங்கியிருந்த சித்தன்னவாசல் மலையும் எங்க மாவட்டம்தானே! கண்டத்தை விட்டுட்டு, கூட ரெண்டு பல் பூண்டும் கொஞ்சம் மிளகும் போடுங்க. சும்மா ஜிவ்வுன்னு இருக்கும். குதிரைத் தீனின்னு கொள்ளைக் கிண்டல் பண்ற ஜிம் பாய்ஸ் கவனத்துக்கு... 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கு மச்சி!

கைப்பிடிக்கு எத்தனை கிராம்?

இப்ப ஊர்ப்பக்கம் கிடா வெட்டினாலும் மிச்சக் கறி நேரா ஃப்ரிட்ஜுக்குப் போயிடுது. போன சித்திரையில் எங்க தெருவில் கண்டம் தொங்கின கொடி ஒண்ணே ஒண்ணு. அப்பத்தாவோடது. எண்பது வயசு, கை நடுங்குது, நூல் கோக்க நான்தான் கூட உட்கார்ந்தேன். "உப்பு எவ்வளவு அப்பத்தா?"ன்னு கேட்டா, "கைப்பிடி"ங்கிறாங்க. யாரு கைப்பிடி? ஒரு கிலோ கறிக்கு அவங்க அள்ளின உப்பை அப்படியே டிஜிட்டல் தராசில் கொட்டச் சொன்னேன். 100 கிராமுக்கு ரெண்டு கிராம் கூட. நோட்டில் குறிச்சுக்கிட்டேன். அப்பத்தா சிரிச்சுட்டு, "எழுதி வெச்சா மட்டும் காஞ்சிருமாடா?"ன்னாங்க.

பாயின்ட்தான்! அடுத்த பங்குனியில் நூல், உப்பு, காக்காய் டியூட்டி எல்லாமே நான்தான்னு சொல்லியிருக்கேன். உங்க ஊர்லயும் ஏதாவது ஒரு ஜாடி பரண்மேல் இருக்கும் மக்களே. செமஸ்டர் லீவுக்குப் போறப்ப இறக்கிப் பாருங்க... தராசு எடுத்துட்டுப் போக மறந்துடாதீங்க!