கொமாவுக்கு நடுவே மூன்று பேர்

போன மாதம் மூன்று பாட்டிமாரை ஒரு பட்டியலில் இருந்து தூக்கிவிட்டேன். வேணுமென்று செய்யல. "சுத்தமா இருக்கட்டும்" என்று செய்ததுதான்.

குண்டசாலையில் எங்க வீட்டைச் சுற்றியுள்ள முதியோருக்காக ஒரு உதவிப் பட்டியல் தயாரானது. வீடு வீடாகப் போய் 41 பேரின் பெயர், விலாசம், ஐசி நம்பர் எல்லாம் எக்செல்லில் ஏற்றினோம். அதைச் சரிபார்க்கிற அக்கா, "நம்பர் எல்லாத்தையும் ஒரே வரியில, நடுவில கொமா போட்டு அனுப்புங்க தங்கச்சி" என்றாங்க. எனக்குக் கொஞ்சம் பைதன் தெரியும். கொமாவைக் கொடுத்து 'ஜாயின்' என்றால், நூலில் மணி கோர்ப்பது போல எல்லாவற்றையும் கோர்த்துவிடும்.

கோர்க்கல. எரர்தான் வந்தது. ஜாயினுக்கு எல்லாமே எழுத்தாக இருக்கணும். பழைய ஐசி நம்பரில் 9 இலக்கம், கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்'. எக்செல் அதை எழுத்தாகவே வைத்திருக்கும். 2016இல் வந்த புதிய நம்பர் வெறும் 12 இலக்கம், அதை எண் என்று எடுத்துக்கொள்ளும். ஐசி நம்பரை யாரும் கூட்டப் போறதும் இல்ல, பெருக்கப் போறதும் இல்ல. அதுவும் ஒரு பெயர் மாதிரித்தான். எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றினேன்.

வரி வந்தது. ஆனா கொமாக்களுக்கு நடுவே மூன்று இடத்தில் 'நன்' என்று கிடந்தது. வெற்றுக் கட்டத்துக்குப் பைதன் வைத்திருக்கிற பெயர் அது. 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். அசிங்கமா இருக்கே என்று, வெற்றாக இருப்பதை விட்டுவிடு என ஒரு நிபந்தனை சேர்த்து அனுப்பிவிட்டேன்.

இரவு அப்பாயியிடம் பட்டியல் முடிந்தது என்றேன். "கீழ் வீட்டு அக்காவுக்குத்தான் ஐசியே இல்லையே பாப்பா, அவங்கள எப்பிடிப் போட்ட?" என்று கேட்டாங்க.

எண்ணிப் பார்த்தேன். 38.

அந்தப் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. பிறகு வந்த சட்டங்களிலும் விடுபட்டு மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. பிரஜை என்று சட்டம் சொன்னாலும், கையில் கடதாசி இல்லாதவருக்கு ஐசி எடுப்பது லேசில்லை. இவ்வளவும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனா மூன்று 'நன்'னைப் பார்த்தபோது அது யார் என்று கேட்கத் தோணல.

இப்போ கோட் இரண்டு வரி தரும். நம்பர் உள்ள 38 பேர் கொமாவோடு ஒரு வரி. நம்பர் இல்லாத 3 பேர், பெயரும் விலாசமுமாக இன்னொரு வரி. இரண்டும் சேர்ந்து 41 ஆகாவிட்டால் எதையும் தராது. அக்காவுக்குத் திரும்ப அனுப்பி, பிழை என்னுடையது என்று சொன்னேன்.

அடுத்த கிழமை பாட்டியோட கிராம சேவகரிடம் போகணும். அப்பாயியும் வாறாங்களாம், சாட்சிக்கு.