வீழ்ந்தவரை நடத்தும் விதம்

கடினமான ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அது எத்தனை பேரைத் தோற்கடித்தது என்று கணக்கிடுவதே உலக வழக்கமாக இருக்கின்றது. தேர்வாயினும் மலையேற்றமாயினும் தோற்றவர் தொகை பெருகப் பெருக அதன் புகழும் பெருகுகின்றது. தோற்றவரை அது பின்னர் எவ்வாறு நடத்திற்று என்று கேட்பவர் மிகச் சிலர். வகுப்பறையில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிட்ட எனக்கு இந்த இரண்டாம் வினாவே பெரிதாகப் படுகின்றது. இவ்வினாவை என் உள்ளத்தில் கூர்மைப்படுத்தியது ஒரு வீடியோ விளையாட்டு வரிசை என்று சொன்னால் ஆசிரிய நண்பர்கள் சிலர் புன்னகை புரியக்கூடும். அவர்கள் பொறுமையோடு சில பக்கங்கள் என்னுடன் வருவார்களாயின் மகிழ்வேன்.

நான் குறிப்பிடுவது, ஜப்பான் நாட்டின் தோக்கியோ நகரில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் படைத்த ‘டார்க் சோல்ஸ்’ வரிசையாகும். அதற்கு மூலமாக 2009இல் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ வெளிவந்தது. அதன் வழித்தோன்றலாக 2011இல் ‘டார்க் சோல்ஸ்’, 2014இல் அதன் இரண்டாம் பாகம், 2016இல் மூன்றாம் பாகம் ஆகியன வெளிவந்தன. 2009இல் வந்த மூலத்தையும், முதற்பாகத்தையும், மூன்றாம் பாகத்தையும் இயக்கியவர் ஹிடெட்டாக்கா மியாசாக்கி என்பவர். இரண்டாம் பாகத்தை டொமொஹிரோ ஷிபுயா, யுயி தனிமுரா ஆகிய இருவர் இயக்க, மியாசாக்கி மேற்பார்வையாளராக இருந்தார். பள்ளி விடுமுறையொன்றில் என் வீட்டில் தங்கவந்த தமையன் மகன்தான் முதற்பாகத்தை எனக்கு அறிமுகம் செய்தவன். விடுமுறை முடிந்து அவன் ஊர் திரும்பினான்; நானோ அவ்விளையாட்டைவிட்டு மீளவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் எஞ்சியவற்றையும் ஆடி முடித்தேன். மூன்றாம் பாகத்தை அதன் முன்னோர்களோடு வைத்து எண்ணிப் பார்க்கும் தகுதி எனக்கு அவ்வாறு வாய்த்தது.

இவ்வரிசையை அறியாதவர்களுக்காக அதன் அடிப்படையைச் சுருங்கச் சொல்லவேண்டும். வாளும் கேடயமும் ஏந்திய ஒருவன் அழிந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டினுள் நுழைகின்றான். வழியிலே பகைவர் உளர். அவர்களை வீழ்த்தினால் ‘ஆன்மாக்கள்’ கிட்டும். அவையே பொருள் வாங்கும் நாணயம். அவையே உடல் வலிமையைப் பெருக்கும் முதல். ஆங்காங்கே தீமூட்டங்கள் உள்ளன. அவற்றின் அருகே அமர்ந்தால் புண் ஆறும்; மருந்துக் குடுவை நிறையும்; ஆனால் வீழ்ந்த பகைவரும் மீண்டெழுவர். ஆடுபவர் இறந்தால் கடைசியாக அமர்ந்த தீமூட்டத்தின் அருகே கண்விழிப்பார். ஈட்டிய ஆன்மாக்கள் அனைத்தும் இறந்த இடத்திலேயே கிடக்கும். திரும்பச் சென்று எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. போகும் வழியில் மறுமுறை இறந்தாரெனில் அவை என்றென்றைக்கும் தொலைந்தன. இதுவே இவ்வரிசை முழுவதற்கும் பொதுவிதி. இதற்கு மேல் வீழ்ந்தவரை நடத்தும் முறையிலேதான் ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி வழியில் செல்கின்றது.

2009இல் வந்த மூலம் மிகக் கண்டிப்பானது. அதில் ஒருமுறை இறந்தால் உடல் நீங்கி ஆன்ம வடிவே எஞ்சும். உயிராற்றலின் உச்ச அளவு பாதியாகக் குறைந்துவிடும். முழு வலிமையோடு சென்றபோதே வெல்ல இயலாத பகைவனை அரைவலிமையோடு சென்று வெல்லுமாறு அது பணித்தது. தோற்றவனுக்கு முதலில் தேவைப்படுவது எதுவோ அதனையே அது பறித்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டின் முதற்பாகம் இக்கொடுமையைக் கைவிட்டது. அதில் இறந்தவர் உருவம் சிதைந்து உலர்ந்த பிணம்போல் ஆவார். துணைவரை அழைக்கும் உரிமையை இழப்பார். ஆனால் உயிராற்றல் குறையாது.

இரண்டாம் பாகம் பழைய தண்டனையைத் தவணை முறையில் மீண்டும் கொண்டுவந்தது. ஒவ்வொரு சாவுக்கும் உச்ச அளவு சிறிது சிறிதாகத் தேய்ந்து இறுதியில் பாதியில் வந்து நிற்கும். ஆயினும் அதே பாகம் வேறொரு சலுகையையும் வழங்கிற்று. ஒரு பகைவனைக் குறிப்பிட்ட முறைகள் வீழ்த்திவிட்டால் அவன் அதன்பின் எழுவதில்லை. முயன்று முயன்று தோற்பவருக்கு வழி தானே வெறுமையாகும். இரக்கம் என்றே இதனை முதலில் எண்ணினேன். நாட்கள் செல்லச் செல்ல அவ்வெறுமை என்னை உறுத்தலாயிற்று. ஆளரவமற்ற கோட்டையின் வழியே பெரும்பகைவனின் வாயிலுக்கு நடந்துசென்றபோது, இவ்வழியை நான் கற்று வென்றேனா, அன்றி என் தோல்விகளைக் கண்டு சலித்து வழியே விலகிக்கொண்டதா என்னும் ஐயம் எழுந்தது. கடினமான வினாவை மாணவன் ஐந்துமுறை தவறாகச் செய்தான் என்பதற்காக அவ்வினாவையே தாளிலிருந்து எடுத்துவிடும் ஆசிரியரின் கனிவு அது. மாணவனுக்கு அன்று இன்பம். அவ்வினா வேறோரிடத்தில் எதிர்ப்படும் நாளில் துன்பம்.

மூன்றாம் பாகம் இவ்விடத்தில் செய்த மாற்றம் நுட்பமானது. அதில் ‘கனல்’ என்றொரு பொருள் உண்டு. அதனைப் பயன்படுத்தினால் உயிராற்றலின் உச்ச அளவு நூற்றுக்கு முப்பது பங்கு உயரும். பெரும்பகைவன் ஒருவனை வென்றாலும் அந்நிலை கிட்டும். இறந்தால் அவ்வுயர்வு நீங்கிப் பழைய அளவு திரும்பும். கணக்கு அறிந்தவர் உடனே ஒன்றைச் சுட்டிக்காட்டுவர்: நூற்றுமுப்பது நூறாவதும் ஒரு குறைவுதானே, முன்னைய விளையாட்டுகள் செய்ததற்கும் இதற்கும் பெயரைத் தவிர என்ன வேறுபாடு என்று கேட்பர். கணக்கின்படி அது சரியே. ஆடுபவரின் உள்ளத்திலோ வேறுபாடு பெரிது. முன்னையவற்றில் வீழ்ந்தவர் குறையுள்ளவராகிறார். முழுமை என்பது அவர் இழந்த ஒன்று. மூன்றாம் பாகத்தில் வீழ்ந்தவர் இயல்பு நிலையிலேயே நிற்கின்றார். உயர்வு என்பது அவர் மீண்டும் ஈட்டக்கூடிய ஒன்று.

கட்டுரைத் தாள்களைத் திருத்தும்போது இதே கணக்கை நாம் இரு வகையாகவும் செய்கின்றோம். முழு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கிப் பிழைக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டே வருவது ஒருமுறை. அடிப்படை மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி நல்ல தொடருக்கும் தெளிந்த கருத்துக்கும் கூட்டிக்கொண்டே போவது மற்றொருமுறை. இரண்டும் ஒரே எண்ணில் வந்து முடியலாம். ஆனால் சிவப்பு மையால் கழிக்கப்பட்ட தாளைப் பெற்ற மாணவன் அதனை நான்காக மடித்துப் பைக்குள் ஒளிப்பதையும், கூட்டப்பட்ட தாளைப் பெற்றவன் விரித்துப் படிப்பதையும் நான் பலகாலும் கண்டிருக்கின்றேன். இவ்வொரு பொருளில் மூன்றாம் பாகம் தன் முன்னோர் அனைவரினும் சிறந்த ஆசான் என்றே கூறுவேன்.

எனினும் எல்லாவற்றிலும் அது முன்னோரை விஞ்சிற்று என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. வழிகளின் அமைப்பை எடுத்துக்கொள்வோம். முதற்பாகத்தின் நாடாகிய லோர்ட்ரானில் ஏறத்தாழ நடுப்பகுதி வரையில் தீமூட்டத்திலிருந்து தீமூட்டத்திற்குத் தாவிச் செல்லும் வசதி இல்லை. எங்குச் செல்வதாயினும் நடந்தே செல்லவேண்டும். கோட்டை மதில்களையும் பாலங்களையும் கடந்து ஓர் ஆலயத்தை அடைகின்றோம். அங்குள்ள தூக்கியில் ஏறிக் கீழே இறங்குகின்றோம். கதவு திறந்தால் நாம் முதன்முதலாகப் புறப்பட்ட தீமூட்டம் கண்முன்னே தெரிகின்றது! இத்தனை நேரமும் தொலைவில் செல்வதாக எண்ணி, அவ்விடத்தின் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது விளங்குகின்றது. அந்நாட்டை நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு மனத்தால் நடந்துவிடுவேன். தோல்வி என்னை மீண்டும் மீண்டும் அதே வழியில் நடக்கச் செய்தமையால் வழி மனப்பாடமாயிற்று.

இரண்டாம் பாகத்தில் தொடக்கத்திலிருந்தே தாவிச் செல்லலாம். அதனாலோ என்னவோ, நாட்டின் இடத்தொடர்பைப் பற்றி அதனை அமைத்தோர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. காற்றாலைக் கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து தூக்கியில் மேலே சென்றால் எரிமலைக் குழம்பிடையே அமிழ்ந்த இரும்புக் கோட்டை ஒன்று வருகின்றது. வெளியிலிருந்து பார்த்தபோது அக்கோபுரத்தின் மேல் வானத்தைத் தவிர வேறொன்றையும் நாம் கண்டதில்லை. மூன்றாம் பாகத்திலும் தாவும் வசதி உண்டு. சிலவிடங்களில் ஒரு தீமூட்டத்தைவிட்டு எழுந்து சற்று நடப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகின்றது. ஆயினும் பழைய கலை முற்றாக மறக்கப்படவில்லை. ஆழத்தின் பேராலயம் என்னும் பகுதியில், கல்லறைகளையும் கூரைகளையும் சுற்றி உள்ளே இறங்கி, உட்புறம் தாழிட்ட கதவைத் திறந்தால், முன்பு அமர்ந்த சிற்றாலயத்துத் தீமூட்டத்திற்கே வந்துசேர்கின்றோம். ஒரே விளக்கை நடுவில் வைத்து வழிகள் அனைத்தையும் அதனோடு கட்டியிருக்கின்றார்கள். அத்தகைய இடங்கள் இன்னும் சில இருந்திருக்கலாகாதா என்றே ஏங்கினேன்.

வேகமும் மாறிவிட்டது. முதற்பாகத்துப் பகைவர் பெரும்பாலும் ஓங்கி, நிதானித்து, பிறகே வெட்டுவர். கேடயத்தை உயர்த்திக்கொண்டு அவர்களை உற்றுநோக்கிக் கற்கலாம். அனோர் லொண்டோ என்னும் பொன்னகரில் ஈட்டி ஏந்திய ஆர்ன்ஸ்டீன், பெருஞ்சம்மட்டி தாங்கிய ஸ்மோ ஆகிய இருவரோடு ஒருங்கே பொரவேண்டிவரும். ஒருவன் வீழ்ந்தால் மற்றவன் அவனுடைய ஆற்றலையும் பெற்றுப் புத்துயிரோடு நிற்பான். முப்பது முறைக்கு மேல் அங்கே வீழ்ந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எதனால் வீழ்ந்தேன் என்பதனை என்னால் சொல்ல முடிந்தது. மூன்றாம் பாகத்தில், 2015இல் இதே நிறுவனம் அளித்த ‘பிளட்போர்ன்’ விளையாட்டின் விரைவு குடிபுகுந்துள்ளது. பகைவர் நான்கைந்து வீச்சுகளை இடைவெளியின்றித் தொடுக்கின்றனர். ஆடுபவரும் கேடயத்தை நம்பாமல் உருண்டு விலகக் கற்கவேண்டியிருக்கின்றது. இளைஞரின் விரல்களுக்கு இது பேரின்பம். என் வயதினருக்கோ சிந்தனை செயலுக்குப் பின்னே ஓடிவருகின்ற நிலை.

இத்தனைக்கும் ஈடாக மூன்றாம் பாகம் ஒன்றைத் தந்துள்ளது. அதன் முதற் பெரும்பகைவன் குண்டிர். மார்பில் வாள் பாய்ந்த நிலையில் அசையாது மண்டியிட்டிருப்பவன். நாம் அவ்வாளைப் பிடுங்கினால் எழுந்து போரிடுவான். புதியவரின் தகுதியைச் சோதிப்பதே அவன் பணி. அவனை வென்று நெடுந்தொலைவு சென்றபின், ஒளியற்ற ஒரு கல்லறைத் திடலை அடைகின்றோம். தொடக்கத்தில் கண்ட அதே திடல், அதே வட்டக் களம், அதே குண்டிர். ஆனால் இம்முறை கேடுறாத முழு வீரனாக நிற்கின்றான். முதல் வகுப்பில் எழுத்தறிவித்த ஆசிரியரே உயர்வகுப்புத் தேர்வாளராக அமர்ந்திருப்பதைக் கண்ட மாணவனின் உணர்ச்சி எனக்கு அங்கே உண்டாயிற்று. அவனுடைய அசைவுகள் சில பழையன. அவற்றை என் கைகள் அறிந்திருந்தன. தோல்விகள் வீண்போகவில்லை என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அவ்விடம் உணர்த்திற்று.

தொடர் படைப்புகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. முன்னதை அறியாதவருக்கும் பின்னது பொருள்படவேண்டும். கோவலன் கதையை முன்பு கேளாதவரும் மணிமேகலையின் துறவை உணர்ந்து படிக்கலாம். கேட்டவருக்கோ அத்துறவின் வேர் தெரியும். மூன்றாம் பாகத்தில் அனோர் லொண்டோ மீண்டும் வருகின்றது. பொன்வெயில் தவழ்ந்த நகரம் இப்போது நிலவொளியில் குளிர்ந்து பாழ்பட்டுக் கிடக்கின்றது. முதற்பாகத்தில் நாம் கண்ட தேவன் ஒருவன் அங்கே விழுங்கப்பட்டுக்கொண்டிருக்கின்றான். பழைய படிகளில் ஏறியபோது என் கை தானே தயங்கியது. முதற்பாகத்தை ஆடாத இளைஞர்க்கு அது சிறந்ததொரு போர்க்களம் மட்டுமே. அந்த அளவுக்கேனும் அது தனித்து நிற்கின்றது என்பது பாராட்டத்தக்கதே. எனினும் வேறு பல இடங்களில் பழைய பெயர்களையும் பழைய கவசங்களையும் காட்டி நம் நினைவிடம் அது கடன் வாங்குகின்றது.

இறுதியாக, நான்கு விளையாட்டுகளும் மாறாது காத்துவந்த ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பின் அறியாத மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் குறிப்புகளை எழுதிவைக்கலாம். அவர்கள் இறந்த இடத்தில் குருதிக்கறை தெரியும். அதனைத் தொட்டால் அவர்களுடைய கடைசிக் கணங்கள் நிழலுருவில் நடந்து காட்டப்பெறும். இவ்வெண்ணம் தோன்றிய வரலாற்றை மியாசாக்கி பேட்டியில் கூறியிருக்கின்றார். பனி பெய்த ஒருநாள் மலைச்சரிவில் வண்டிகள் ஏறமாட்டாமல் சிக்கின. பின்னிருந்த வண்டி முன்னதை உந்த, ஒன்றையொன்று தள்ளி ஏறின. நின்று நன்றி சொன்னால் மீண்டும் சிக்க நேரும் என்பதால் அவர் நிற்காமலே சென்றுவிட்டார். பெயரறியாத அவ்வுதவியே விளையாட்டில் வடிவம் பெற்றது. டீமன்ஸ் சோல்ஸ் மூலப் பதிப்பின் இணைய வழங்கிகள் 2018இல் நிறுத்தப்பட்டபோது அக்குறிப்புகள் மறைந்தன. ஆனால் அவற்றால் வழி கண்டவர்கள் அதற்குள் கடந்துபோய்விட்டிருந்தனர்.

என் தீர்ப்பு இதுவே: வழியைக் கற்பித்ததில் முதற்பாகம் சிறந்தது, வீழ்ந்தவரின் மானத்தைக் காத்ததில் மூன்றாம் பாகம் சிறந்தது, கருணை எந்த எல்லையில் கற்றலைக் கெடுக்கும் என்பதனைக் காட்டியதில் இரண்டாம் பாகத்திற்கும் ஓர் இடமுண்டு. தமிழ் கடினம் என்று நம் பிள்ளைகள் சொல்லும் காலம் இது. அதனை எளிதாக்குவதா, கடுமையாகவே வைப்பதா என்று நம் கூட்டங்களில் நெடுநேரம் வாதிடுகின்றோம். பாடத்தின் கடுமை அப்படியே இருக்கட்டும். பிழை செய்த பிள்ளை மறுநாளும் அதே வகுப்பறைக்குள் தலைநிமிர்ந்து வருவதற்கு நாம் என்ன செய்கின்றோம் என்பதைப் பற்றியும் இனி நம் கூட்டங்களில் சிறிது நேரம் பேசலாம்.