சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?



டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறான். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளே இருக்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். 1960களில் செய்தது. இரண்டு வாரமாக அதில் சக்கரம் மாட்டும் முறையை மாற்றினான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில் உங்களுக்கும் பயன்படும் செய்தி இருக்கிறது.

மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று வராமல் தடுப்பது கடையாணி. அது கொஞ்சம் ஆடினாலும் வேலை செய்யும். கார், டிரெய்லர் சக்கரம் அப்படியல்ல. போல்ட்டை முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப ஸ்பிரிங் போல இழுக்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை டிரம்மோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சக்கரத்தை நகராமல் வைத்திருக்கிறது. ஏழாம் வகுப்பில் உராய்வு பாடம் நடத்தினேனே, அதேதான்! இறுக்கம் குறைந்தால் சக்கரம் அசையும், அசைந்தால் போல்ட் தேயும், பிறகு முறியும்.

இந்த டிரெய்லரில் இருந்தது போல்ட் முறை. டிரம்மில் மரை வெட்டிய ஓட்டைகள். சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை சரிபார்த்து, போல்ட்டை உள்ளே முறுக்க வேண்டும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் டிரம்மின் மரையும் தேய்கிறது. ஸ்டட் முறையில் ஆணிகள் டிரம்மிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நட் போட்டால் போதும். ஸ்டட் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

மாற்றுவதற்கு இரண்டு வழி. பழைய ஓட்டையிலேயே பசை தடவி ஸ்டட்டைத் திருகிவிடுவது ஒன்று. செலவு குறைவு. மகன் அதற்குத்தான் தயாராக இருந்தான். மருமகள் கேட்டாள், "மாமா, அந்த ஸ்டட்டும் தேஞ்சுபோன மரையிலதானே நிக்கணும்?"

அந்த ஒரு கேள்வியில் முடிவு மாறியது. பின்பக்கமிருந்து அழுத்திப் பொருத்திய ஸ்டட்டுகளோடு புது டிரம்களே வாங்கினான். அவற்றின் தலை பின்னால் தடுத்து நிற்பதால் முன்பக்கம் உருவி வராது. பழைய அச்சின் பேரிங் அளவுக்கும் பிரேக்குக்கும் பொருந்துகிறதா என்று அளந்து பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. காசு அதிகம்தான். ஆனால் டிரெய்லரின் சக்கரம் ஆடுவது முன்னால் கார் ஓட்டுபவருக்குப் பல நேரம் தெரியாது. கழன்று ஓடும் சக்கரம் எதிரே வரும் யாரோ ஒருவர் மீதுதான் மோதும். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

நட்டிலும் கவனம் வேண்டும். சக்கரத்தின் ஓட்டை கூம்பு வடிவில் குழிந்திருந்தால் நட்டின் முனையும் அதே கூம்பாக இருக்க வேண்டும். ஐந்து நட்டையும் வரிசையாக முறுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுவது போல, மூன்று சுற்றாக இறுக்கினான். அரை அங்குல ஸ்டட்டுக்குப் பொதுவாக 90 முதல் 120 அடி-பவுண்டு. அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் அதற்குத்தான். மரையில் எண்ணெய் போடவில்லை. போட்டால் அதே அளவு முறுக்கில் இறுக்கம் மிஞ்சிவிடும்.

பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி சரிபார்த்தான். புதிதாக மாட்டிய பரப்புகள் ஒன்றோடொன்று படியும்போது இறுக்கம் கொஞ்சம் குறையும் என்பதால்.

உங்களில் நிறையப் பேர் கார் வைத்திருக்கிறீர்கள். பஞ்சர் கடையில் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு கிளம்பினால், ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பிள்ளைகளையும் கூட நிறுத்தி, ஏன் செய்கிறோம் என்று சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்