கண்பாவை சொல்லும் சாட்சி

குஜராத்தில் ராஜ்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது கோண்டல். 1909 ஜனவரியில் அங்குள்ள ஆற்றங்கரையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் உடலுக்கு எரியூட்டப்பட்டது. அவர் டக்ளஸ் ஆர்கில் ராபர்ட்சன், எடின்பரோவின் புகழ்பெற்ற கண் மருத்துவர். கோண்டல் மன்னர் பகவத்சிங்ஜி எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அந்த நட்பில்தான் வந்திருந்தார் ராபர்ட்சன்.

நரம்பியல் டாக்டர்கள் இன்றும் அவர் பெயரை மறக்கவில்லை. 1869ல் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளே காரணம்.

கருவிழியின் நடுவே இருக்கும் துளைக்குத் தமிழில் பாவை என்று பெயர். எதிரே நிற்பவர் அதில் குட்டிப் பொம்மையாகத் தெரிகிறார் அல்லவா? வெளிச்சம் பட்டால் பாவை சுருங்கும். பக்கத்தில் உள்ள பொருளைப் பார்த்தாலும் சுருங்கும். ராபர்ட்சன் விவரித்த ஐந்து நோயாளிகளுக்கோ இரண்டாவது மட்டுமே நடந்தது. அவர்களுடைய பாவைகள் சிறுத்திருந்தன. விளக்கைக் காட்டினால் அசையவில்லை; கிட்டத்தில் பார்க்கச் சொன்னால் சுருங்கின. முதுகுத்தண்டு நோயின் அடையாளம் இது என்றார் அவர்.

நோயின் மூலம் அப்போது தெளிவாகவில்லை. சிபிலிஸ் என்ற மேகநோய் நரம்பு மண்டலத்துக்குள் புகுந்ததன் விளைவு இது என்பது பின்னர் உறுதியானது. அதன் கிருமி 1905லும், ரத்தப் பரிசோதனை 1906லும்தான் வந்தன. அதற்கு முன்பு பாவைதான் முக்கிய சாட்சி. இளமையில் வந்த நோயை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் பல ஆண்டுகள் மறைத்தவரையும் அது காட்டிக்கொடுத்தது.

ஆனால் சாட்சி வேறு, தீர்ப்பு வேறு. அபூர்வமாக, நீரிழிவு நோயாளிகளின் பாவையும் இதேபோல நடந்துகொள்ளும். சிபிலிஸே என்றாலும், கணவனிடமிருந்து தொற்றிய மனைவிக்கும், தாயின் வயிற்றிலேயே பெற்றுக்கொண்ட குழந்தைக்கும் அது வரலாம். பாவை நோயைத்தான் சொல்லும். குற்றவாளி யார் என்று சொல்லாது.

சிபிலிஸுக்கு 1943ல் பெனிசிலின் மருந்தாக வந்தது. இன்று இந்தப் பாவையைக் காண்பது அரிது. நோய் மட்டும் ஒழிந்துவிடவில்லை. பெனிசிலின் கிருமியைக் கொல்லும். கெட்டுப்போன நரம்பை மீட்டுத் தருவது சந்தேகமே. ஆகவே பாவை பேசும்வரை காத்திருக்கக்கூடாது. நோயாளி முன்னதாகவே வாய்திறக்க வேண்டும். அவர் கூசாமல் சொல்லும்படி கேட்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும்.