மறைந்திருக்கும் அறைகள்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்துபோய் போர்ட் கிள்ளான் கொமுட்டரில் ஏறினேன். சுபாங் ஜெயா, ஷா ஆலாம் கடந்து கிள்ளானில் இறங்கினேன். ஜாலான் தெங்கு கெலானாவின் பூக்கடைகளைத் தாண்டி, ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. தொழிற்சாலைகளில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பெஞ்சுகளை மூன்று பேர் சேர்ந்து இங்கே செய்கிறார்கள்.

மூவரில் மூத்தவர் ஓர் அக்கா. அவருடைய அம்மா 1970களில் சுங்கைவே தொழிற்சாலை ஒன்றில் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டியவர். மகள் திரையில் கம்பி இழுக்கிறார்.

அவர் கையாளும் லேப்வியூ, 1986இல் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வெளியிட்ட மென்பொருள். இதில் நிரலை வரிவரியாக எழுதுவதில்லை, படமாக வரைகிறார்கள். ஒயர் வழியே தரவு ஓடும். பெஞ்சின் வேலை முழுவதும் ‘நிலை’களாகப் பிரிந்திருக்கும்: காத்திரு, போர்டைப் பிடி, மின்சாரம் கொடு, அள, பதிவு செய், பிழையென்றால் நிறுத்து. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கேஸ், அதாவது அந்த வேலைக்கான நிரல் அடங்கிய ஓர் அறை. ஒரு லூப் அவற்றைச் சுற்றிவர, ஒவ்வொரு கேஸும் அடுத்தது எது என்று சொல்லிவிட்டு முடியும்.

“இங்கதான் கண்ணு ஏமாந்துபோகும் தம்பி,” என்று மவுஸைத் தட்டினார். கேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். ஆறு கேஸ் என்றால் புரட்டிப் பார்த்துவிடலாம். திரையில் இருந்த பெஞ்ச் நிரலில் 64 இருந்தன.

ஒருமுறை ஒரு தொழிற்சாலையில், பெஞ்ச் ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே இருந்தது. பதிவுகளில் மட்டும் போர்டின் வரிசை எண் காலியாக வந்தது. இரண்டு இரவு தேடியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்த்த ஒரு கேஸில், தரவு வெளியேறும் வாசலுக்கு ஒயர் இழுக்க மறந்திருந்தார்கள். வழக்கமாக இப்படி ஒயர் விட்டுப்போனால் லேப்வியூ நிரலை ஓடவே விடாது. ஆனால், ‘ஒயர் இல்லையென்றால் இயல்பு மதிப்பைக் கொடு’ என்ற வசதியை யாரோ முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள். வரிசை எண் போன்ற எழுத்துத் தரவுக்கு இயல்பு மதிப்பு வெறுமைதான். அந்த நிலையைக் கடந்த போர்டெல்லாம் பெயரை இழந்தது.

அதன் பிறகுதான் அக்கா ஸ்கிரிப்டிங்குக்கு வந்தார். ஒரு நிரலைத் திறந்து படித்துத் திருத்தும் இன்னொரு நிரலை லேப்வியூவிலேயே வரையலாம். 2010 பதிப்பிலிருந்து இது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. திருத்தப்படும் நிரல் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

என் முன்னால் ஓட்டிக் காட்டினார். ஸ்கிரிப்ட் 64 கேஸ்களின் பெயர்களையும் எடுத்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் நுழைந்து, அது எந்த நிலைக்கு அனுப்புகிறது என்று பார்த்தது. ஒயர் விட்டுப்போன வாசல்களைக் குறித்துக்கொண்டது. கேஸ்களை வேலை நடக்கும் வரிசையில் மாற்றி அடுக்கியது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது: ஒயர் இல்லாத வாசல் மூன்று, எங்கிருந்தும் போய்ச்சேர வழியில்லாத நிலை ஒன்று.

மூன்று வாசல்களுக்கும் உடனே ஒயர் இழுத்தார். நான்காவதில் கை நின்றது. அந்த நிலையின் பெயர் ‘தற்காலிகம் 2’.

“அழிச்சிடலாமே?” என்றேன்.

“யாரு, எதுக்கு வெச்சாங்கன்னு ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. கேட்டுட்டுத்தான்.”

இங்கிருந்து விலகிப்போன பழைய கூட்டாளிக்குப் போன் போட்டார். போர்டு சூடேறினால் பெஞ்சைக் குளிரவைக்கும் நிலையாம் அது. வேறொரு திருத்தத்தின்போது அதற்குப் போகும் வழி அறுந்துபோயிருக்கிறது. அக்கா வழியை மறுபடி இணைத்தார். ‘தற்காலிகம் 2’ என்பதை அழித்து ‘குளிரவை’ என்று பெயரிட்டார். காரணத்தையும் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதி வைத்தார். அதன் பிறகு ஸ்கிரிப்டை இன்னொரு முறை ஓட்டினார். இந்த முறை பட்டியல் காலியாக வந்தது.