முப்பது குதிரைத்திறனும் ஓர் உதவித்தொகையும்

காற்று மாசு குறித்து ஐந்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒருவர், நீலப்புகை கக்கும் மோட்டார் சைக்கிளை வாங்க விரும்புவது முரணாகத் தோன்றலாம். புனே நகரில் வாழும் அந்த ஆய்வு மாணவருக்கும் அது முரணாகவே தோன்றியது. ஆயினும் விருப்பம் குறையவில்லை.

வண்டி 1986ஆம் ஆண்டின் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350 வடிவமைப்பை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் எண்பதுகளில் ஃபரிதாபாத்தில் தயாரித்து விற்றது. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர்கள். முதலில் வந்த வகை 30.5 குதிரைத்திறன் தந்தது. பின்னர் எரிபொருள் சிக்கனத்துக்காக 27 ஆகக் குறைத்தார்கள். அக்காலத்து புல்லட் 350 தந்தது 18 மட்டுமே. ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்திலிருந்த டிஸ்க் பிரேக் இங்கே டிரம் பிரேக்காக மாறியது. நிறுத்தும் ஆற்றலில் கைவைத்த சிக்கனம் அது. பெட்ரோல் விலை பார்த்து வண்டி வாங்கும் நாட்டில் அது பெருவாரியாக விற்காததில் வியப்பில்லை.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கவர்ச்சியும் குற்றமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளவை போன்ற வால்வுகள் இல்லை, பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடுகிறது, கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் எரிதல் நிகழ்கிறது. ஆனால் புதிய கலவை உள்ளே நுழையும்போது புகைத்துளையும் திறந்தே இருக்கிறது. ஆகவே கால் பங்கோ அதற்கு மேலோ எரியாமலே வெளியேறிவிடும். கூடவே மசகெண்ணெயும் எரிகிறது. இதைத் தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அவரே எழுதியிருக்கிறார். மாதத்திற்கு இருநூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் நகரின் காற்றில் அது பொருட்படுத்தத்தக்க அளவா என்று ஒரு மாலை முழுவதும் கணக்கிட்டார். அளவு அற்பமே. எனினும், ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அற்பமெனக் கருதுவதைப் பற்றித்தான் அவ்வியலின் எஞ்சிய பகுதி பேசுகிறது.

மெக்கானிக்குக்கு இத்தகைய தத்துவச் சிக்கல்கள் இல்லை. கிக்கரை உதைத்து, எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்து, சைலன்சரிலிருந்து வந்த வெண்புகை அடங்காததைக் காட்டினார். வலப்பக்கக் கிராங்க் சீல் தேய்ந்திருந்தால் கியர்ப்பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிவிடும். இடப்பக்கச் சீல் போனாலோ காற்று புகும், கலவை மெலியும், ஓடும்போதே பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிடும். சீல் மலிவானது, அதை மாற்ற எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் என்னென்ன தெரியவரும் என்பதற்கு அவர் எந்த மதிப்பீடும் தர மறுத்தார். நேர்மையான மெக்கானிக் என்றே சொல்ல வேண்டும்.

கேட்கப்பட்ட விலை 2,40,000 ரூபாய். ஆய்வு மாணவரின் சேமிப்பு 3,10,000. மூத்த ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 முதல் மாதம் 42,000 ரூபாய். ஆனால் அது மாதந்தோறும் வந்துசேரும் என்பது தாளில் உள்ள செய்தி. இன்னும் ஏழு மாதங்களில் அதுவும் நின்றுவிடும். அதன்பின் வேலை கிடைக்கும்வரை வாடகைக்கு நம்பியிருப்பது இச்சேமிப்பைத்தான். ஊரிலிருந்த தாயார் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லவில்லை, "வேலை கிடைச்சப்புறம் அது எங்க போயிடப் போகுது?" என்று மட்டும் கேட்டார். அது போய்விடும் என்பதுதான் சிக்கல்.

முடிவைத் தந்தது ஆர்சி புத்தகம். வண்டி விற்பவரின் காலஞ்சென்ற அண்ணன் பெயரிலேயே இருந்தது. பதிவு 2016இல் காலாவதியாகியிருந்தது. முதலில் வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்து அவர் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு தகுதிச் சோதனை, பசுமை வரி, பதிவுப் புதுப்பிப்பு. அதற்குப் பிறகே படிவம் 29, 30 வழியாக விற்பனை. பெயர் மாற்றித் தந்தால் கேட்ட விலையைத் தருவதாக ஆய்வு மாணவர் சொன்னார். பெரியவரோ, ரொக்கத்தைக் கொடுத்து வண்டியை அப்படியே எடுத்துச்செல்ல ஆள் இருக்கிறது என்றார். உண்மையிலேயே இருந்தது. பத்தாம் நாள் வண்டி மும்பைக்குப் போய்விட்டது.

காற்று மாசு பற்றிய மனச்சான்றே தடுத்தது என்று ஆய்வுக்கூட நண்பர்கள் முடிவுகட்டிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த வார இறுதியிலேயே மெக்கானிக்கிடம் சென்று, ஆவணங்கள் ஒழுங்காக உள்ள ஆர்எக்ஸ் 100 ஏதேனும் வந்தால் தெரிவிக்கும்படி சொல்லி வைத்திருக்கிறார். 98 சிசி, 11 குதிரைத்திறன். புகையும் அந்த அளவுக்குக் குறைவு என்பது அவருடைய வாதம்.