வாட்டம் பார்க்கிறவர்கள்

கேளம்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏழாவது மாடி. அக்கா மகன் வாங்கியிருக்கும் வீடு. கடைசித் தவணை இன்னும் போகவில்லை. சாவியும் கைக்கு வரவில்லை. இந்த இடைவெளிக்குள் ஆய்வை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான்.

நான் வீடு வாங்கியபோது, பளபளத்த டைல்ஸைப் பார்த்தே கையெழுத்துப் போட்டேன். இரண்டே வருஷத்தில் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் ஓதம் இறங்கியது. கட்டிக் கொடுத்தவரோ, “வாங்கும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு?” என்றார். தரையைப் பெயர்த்துத் திரும்பப் போட்ட செலவு முழுக்க என் தலையில் விழுந்தது.

காலை எட்டரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இருபது வருஷத்துக்கு மேல் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். மற்றவர் சிவில் படித்து முடித்த இளம்பெண். வீட்டு ஆய்வாளர் என்று போர்டு மாட்ட நம்மிடம் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் வருகிறவர் இதற்கு முன் என்ன வேலை செய்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, ஈரம் காட்டும் கருவி, நுனியில் உருண்டை வைத்த கம்பி, சாக்பீஸ், ஒரு கோலிக்குண்டு.

அந்தப் பெண் குனிந்து, கம்பியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஜன்னலோரம் வந்ததும் டொப் என்றது. “கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க சார், இன்னும் நல்லாத் தெரியும்.” மூடினேன், தெரிந்தது. கலவையை நடுவில் மட்டும் வைத்து அழுத்திவிட்டால் மூலைகளுக்கு அடியில் காற்றுதான் இருக்கும். பீரோவின் கால் அங்கே உட்காரும் நாளில் டைல் விரியும். ஹாலில் மட்டும் பதினொரு இடத்தில் சாக்பீஸ் குறி விழுந்தது.

அறை மூலைகளை மூத்தவர் 3, 4, 5 அடிக் கணக்கில் டேப் பிடித்துப் பார்த்தார். மூலமட்டம் சரியாக இருந்தது. சுவரில் கண்ட விரிசல்களைப் பற்றித்தான் நிறையப் பேசினார். பூச்சு காயும்போது விழும் மயிரிழைக் கீறல் பட்டி பார்த்தால் போய்விடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாகப் பிளந்தால், அங்கே சிக்கன் மெஷ் அடிக்காமல் பூசியிருப்பார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலையும், தூணிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் திசையில் துருக்கறையோடு வரும் விரிசலையும் மட்டும் பட்டி வைத்து மூட விடக்கூடாது. “அதுக்குக் கட்டமைப்புப் பொறியாளரைத்தான் சார் கூப்பிடணும். என் வேலை அங்கே முடிஞ்சுபோச்சு.” தன் எல்லையைச் சொல்லிக்கொள்ளும் ஆளை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

கீசர் மாட்டும் இடத்தில் பிளக் சோதனைக் கருவியைச் செருகினார், எர்த் இல்லை. மூன்று துளை இருக்கிறது, மூன்றாவதில் வயர் இல்லை. ஈரக் கையோடு நிற்கப்போகிற இடம் அது. உடன் வந்த சைட் சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார்.

“அஸ்திவாரத்தைப் பார்க்க முடியுமா சார்?” என்று எங்களோடு வந்திருந்த மருமகள் கேட்டாள். முடியாது என்றார். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். டைல்ஸைத் தட்டி அப்படிப்பட்ட குறையைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வரைபடம், பணி நிறைவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்க நம் ஆட்களுக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. ஆயுள் சேமிப்பைக் கொடுக்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சாவி வாங்கிய பிறகும் வழி அடைபட்டுவிடுவதில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையையும் வேலைப்பாட்டுக் குறையையும், சொன்ன 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்யக் கட்டியவரைக் கட்டாயப்படுத்துகிறது. அதை வாயால் சொன்னால் போதாது. தேதியோடு, படத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் குளியலறை. கோலிக்குண்டைக் கதவோரம் வைத்தார்கள். அது தண்ணீர் போகும் ஜாலியை நோக்கி உருளாமல் சுவரோரம் போய் நின்றது. “வாட்டம் தப்பு,” என்றார் அந்தப் பெண். ஜாலியைத் துணியால் அடைத்துத் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு, நேரம் எழுதினார்கள்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனோம். தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. இன்னும் யாரும் குடிவராத ஆறாவது மாடி வீட்டைத் திறக்கச் சொல்லி, அண்ணாந்து பார்த்தோம். கூரையில் கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, தோசைக்கல் அளவுக்கு ஈரம். அந்தப் பெண் ஏணி கேட்டு ஏறி, ஈரத்தின் விளிம்பைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். அக்கா மகன் ஃபோனை எடுத்து வங்கியைக் கூப்பிட்டான்.

“கடைசித் தவணையை இப்போ விடாதீங்க சார். இன்னொரு தடவை தண்ணி கட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்.”